ஆளறிந்து தேர்தல்

அமெரிக்காவின் டெட்ரொயிட் நகரத்தை அடுத்த ஹைலண்ட் பார்க் என்னும் இடத்திலே, 1913ஆம் ஆண்டில், ஹென்றி ஃபோர்ட்டின் மோட்டார் வண்டித் தொழிற்சாலை இரவு பகலாக இயங்கிக்கொண்டிருந்தது. அக்காலத்துத் தொழிற்சாலை வாயில்களில் விடியற்பொழுதிலேயே வேலை தேடுவோர் கூடிநிற்பது வழக்கம். மேற்பார்வையாளர் வெளியே வருவார். தோளின் அகலத்தையும் கையின் உரத்தையும் நோக்கி, ‘நீ வா, நீ வா’ என்று சிலரைச் சுட்டி அழைத்துச் செல்வார். ஏனையோர் வீடு திரும்புவர். அழைக்கப்பட்டவன் எதற்காக அழைக்கப்பட்டான், விடப்பட்டவன் எதற்காக விடப்பட்டான் என்பது அந்த மேற்பார்வையாளர் ஒருவருக்கே வெளிச்சம். சில வேளைகளில் அவருக்கும் அது தெரிந்திராது.

அவ்வாண்டில் ஃபோர்ட் தொழிற்சாலைக்கு ஏறக்குறைய 14,000 தொழிலாளர் தேவைப்பட்டனர். அத்தொகையைக் குறையாமல் வைத்திருப்பதற்காக, ஓராண்டுக்குள் 52,000 பேருக்கு மேல் புதிதாகச் சேர்க்க வேண்டியதாயிற்று. காலையில் வந்தவன் மாலையில் போனான். திங்களன்று சேர்ந்தவன் வெள்ளியன்று நின்றான். ஓட்டைக் குடத்தில் நீர் நிறைப்பது போன்றிருந்தது அந்த வேலை. ஆகவே, 1914ஆம் ஆண்டு சனவரி 5ஆந் திகதி, கூலியும் இலாபப் பங்குமாக நாளொன்றுக்கு ஐந்து டொலர் என்றும், வேலை நேரம் ஒன்பது மணியிலிருந்து எட்டு மணியாகக் குறைக்கப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. முன்னர்க் கிடைத்த கூலியைப்போல் இஃது ஏறத்தாழ இரு மடங்கு. 1913இல் நூற்றுக்கு 370 என்ற விகிதத்தில் இருந்த ஆள்மாற்றம், 1915இல் நூற்றுக்கு 16 ஆகச் சுருங்கியது. அப்பணத்தை முழுமையாகப் பெற விரும்பிய தொழிலாளியின் வீட்டுக்கே கம்பனியின் விசாரணையாளர் சென்று, அவன் குடிக்கிறானா, சேமிக்கிறானா என்று ஆராய்ந்தனர் என்பதும் அதே வரலாற்றின் மற்றொரு பக்கம்.

இவ்வரலாறு ஓர் உண்மையைத் தெளிவாகக் காட்டுகின்றது. ஆளைச் சேர்ப்பது ஒரு காரியம். சேர்த்த ஆளை நிலைபெறச் செய்வது வேறொரு காரியம். வாயிலில் குற்றம் இருக்கிறது என்று எண்ணியவர்கள், குற்றம் உள்ளே இருப்பதைப் பிந்தியே கண்டார்கள். திருவள்ளுவர் இவ்விரண்டையும் கலக்கவில்லை. ஆளை ஆராய்ந்து துணிவதற்குத் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரமும், துணிந்த ஆளை உரிய வினையில் அமர்த்தி ஆளுவதற்குத் ‘தெரிந்து வினையாடல்’ என்று அதற்கு அடுத்த அதிகாரமும் வகுத்தார். இன்று உலகெங்கும் மனிதவள முகாமையாளர் என்று பெயர்பெற்றிருப்போர் முன்னுள்ள சிக்கல்களும் இவ்விரு தலைப்புகளுள் அடங்குவனவே. மாறிவருவன கருவிகளும், அவற்றால் விளையும் புதிய நன்மை தீமைகளுமாம்.

முதலாவதாகத் தேர்வு முறையின் வளர்ச்சியை நோக்குவோம். வாயிலில் நின்று சுட்டியழைக்கும் முறைக்கும், பெரிய மனிதரின் சிபாரிசுக் கடிதத்துக்கும் எதிராக எழுந்ததே பரீட்சை முறை. சீனப் பேரரசில் பல நூற்றாண்டுகள் நிலவிய அரசாங்கப் பரீட்சை 1905ஆம் ஆண்டிலேயே நிறுத்தப்பட்டது. இங்கிலாந்தில் உறவினரும் நண்பரும் உத்தியோகம் பெறும் வழக்கத்தைக் கண்டித்து, நோர்த்கோட், டிரெவெலியன் ஆகிய இருவரும் எழுதிய அறிக்கை 1854இல் வெளியாயிற்று. திறமையைப் பொதுப் பரீட்சையால் அளந்தே அரசாங்க உத்தியோகம் அளிக்க வேண்டும் என்பது அதன் சாரம். முதலாம் உலகப் போர்க்காலத்தில் ஐக்கிய அமெரிக்கா, உளவியலாளர் அமைத்த பரீட்சைகளைக் கொண்டு ஏறக்குறைய 17 இலட்சம் படைவீரரை அளந்து பார்த்தது. போர் முடிந்ததும் அப்பரீட்சைகள் தொழிற்சாலைகளுக்குள்ளும் கந்தோர்களுக்குள்ளும் புகுந்தன.

பரீட்சையும் சான்றிதழும் ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கதவைத் திறந்தன என்பதை எவரும் மறுக்கவியலாது. சிபாரிசு செய்ய ஆளில்லாதவனுக்குப் புத்தகமே சிபாரிசாயிற்று. ஆயினும் கதவைத் திறக்கும் திறப்பே கதவைப் பூட்டவும் பயன்படும். இதற்கு அமெரிக்க நீதிமன்ற வரலாற்றில் ஒரு வழக்கு சான்றாக உள்ளது.

வட கரோலினா மாநிலத்தில் டியூக் பவர் என்னும் மின்சாரக் கம்பனியின் மின் நிலையம் ஒன்றில் கறுப்பினத் தொழிலாளர் கூலிவேலைப் பகுதியில் மாத்திரமே சேர்க்கப்பட்டிருந்தனர். ஏனைய பகுதிகளின் மிகக் குறைந்த சம்பளத்துக்கும் அவர்களின் மிகக் கூடிய சம்பளம் எட்டவில்லை. நிறபேதத்தைத் தடைசெய்யும் சட்டத்தின் தொழில் பற்றிய பகுதி 1965ஆம் ஆண்டு யூலை 2ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் அக்கம்பனி, நல்ல வேலைகளுக்குப் புதிதாக வருவோர் உயர்தரப் பாடசாலைச் சான்றிதழோடு இரண்டு எழுத்துப் பரீட்சைகளிலும் தேறவேண்டும் என்று விதித்தது. விதியில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால், அச்சான்றிதழ் இல்லாமலே முன்னர்ச் சேர்ந்த வெள்ளையர் அவ்வேலைகளைக் குறைவின்றிச் செய்துவந்தனர். தொழிலாளர் பதின்மூவர் வழக்குத் தொடுத்தனர். 1971ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் உச்ச நீதிமன்றம் மாறுபாடின்றி அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. வேலைக்கும் பரீட்சைக்கும் தொடர்பு உண்டு என்று காட்டமுடியாவிடின், ஓர் இனத்தாரை வெளியே நிறுத்தும் பரீட்சை, கெட்ட எண்ணம் இல்லாவிடினும், சட்டத்துக்கு மாறானது என்பது அத்தீர்ப்பின் கருத்து.

‘இந்தத் தகைமை எதற்கு? இவ்வேலைக்கு இது வேண்டுமா?’ என்ற வினா அன்றே எழுந்துவிட்டது. இன்றைய மனிதவள அதிகாரி முன் அவ்வினா மேலும் கடுமையாக எழுந்து நிற்கின்றது. காரணம், இன்று முதற் சலிப்பைச் செய்வது மனிதர் அன்று, கணினி.

முன்னர் ஒரு வெற்றிடத்துக்கு நூறு விண்ணப்பங்கள் வந்தால், இலிகிதர் ஒருவர் இரண்டு நாளில் பார்த்து முடிப்பார். இணையத்தின் வழியாக விண்ணப்பிக்கும் வசதி ஏற்பட்டபின், ஒரு பொத்தானை அழுத்துவதால் ஒருவர் ஒரே மாலையில் ஐம்பது இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். நூறு என்பது ஆயிரமாயிற்று. ஆயிரத்தையும் வாசிக்க ஆளில்லை. ஆகவே கம்பனிகள் சல்லடை போன்ற கணினி முறைகளை வைத்தன. இன்ன பட்டம், இன்ன சொல், இத்தனை ஆண்டு அனுபவம் என்று விதித்துவிட்டால், அவை இல்லாத விண்ணப்பங்களைக் கணினி ஒதுக்கிவிடும். மனிதக் கண் அவற்றைக் காண்பதே இல்லை.

ஹாவார்ட் பல்கலைக் கழகத்தின் வணிகக் கல்லூரியும் அக்சென்சர் நிறுவனமும் 2021இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று, ஐக்கிய அமெரிக்கா, பிரித்தானியா, செருமனி ஆகிய மூன்று நாடுகளிலும் 2,250க்கு மேற்பட்ட தொழில் அதிபர்களையும் அதிகாரிகளையும் விசாரித்தது. அவர்களுள் நூற்றுக்கு 88 பேர், நல்ல திறமையுள்ள விண்ணப்பகாரரும் விதித்த சொற்கள் அப்படியே பொருந்தாமையால் தம் கணினியால் ஒதுக்கப்படுகின்றனர் என்று தாமே ஒப்புக்கொண்டனர். ஆறு மாதத்துக்கு மேல் வேலையின்றி இருந்தவரைக் கணினி தானாகவே ஒதுக்கும்படி ஏறக்குறைய அரைவாசிக் கம்பனிகள் அமைத்திருந்தன.

இவ்விதி நடைமுறையில் யாரைத் தொடுகின்றது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். கணக்குப் பகுதியில் பத்து ஆண்டு பிழையின்றி வேலைசெய்த ஒரு பெண்ணைக் கருதுக. தாய் நோயுற்றுப் படுக்கையில் விழ, அவள் வேலையை விட்டு ஈராண்டு பணிவிடை செய்கிறாள். தாய் மறைந்தபின் மீண்டும் வேலை தேடுகிறாள். அவளுடைய விண்ணப்பத்தில் இரண்டு ஆண்டு வெறுமையாக இருக்கின்றது. அவ்வெறுமையில் இருந்த பொறுமையும் கடமையும் கணினிக்குத் தெரியா. அது காண்பது ஓர் இடைவெளியை மாத்திரமே. அவளுக்கு மறுப்புக் கடிதம் சில நிமிடத்தில் வந்துவிடும். சில வேளைகளில் அதுவும் வராது. ஒரு மாதத்தில் முப்பது இடங்களில் இவ்வாறு நேர்ந்தால், தன்னிடமே ஏதோ பெருங்குறை உண்டென்று அவள் முடிவு செய்துவிடுவாள். அதே நகரத்தில், அதே வாரத்தில், ‘நல்ல கணக்காளர் கிடைப்பதில்லை’ என்று ஒரு முகாமையாளர் குறைகூறிக்கொண்டிருப்பார்.

கணினிக்கு விதி வகுப்பதைவிட, கடந்த காலத்திலிருந்து அதுவே கற்றுக்கொள்ளட்டும் என்று சிலர் எண்ணினர். அமேசன் கம்பனியைச் சேர்ந்த நிபுணர் குழுவொன்று 2014ஆம் ஆண்டளவில் இத்தகைய கருவியொன்றை அமைக்க முற்பட்டது. முந்திய பத்தாண்டுகளில் வந்த விண்ணப்பங்களே அதற்குப் பாடநூலாயின. அவ்விண்ணப்பங்களுள் பெரும்பாலானவை ஆண்களுடையவை. ஆதலால் ஆணே சிறந்தவர் என்று அக்கருவி கற்றுக்கொண்டது. ‘பெண்கள்’ என்ற சொல் வந்த விண்ணப்பங்களுக்கு, உதாரணமாகப் பெண்கள் சதுரங்கக் கழகத் தலைவி என்றிருந்தால், மதிப்பைக் குறைத்தது. குறையைத் திருத்த முயன்றும் நம்பிக்கை பிறக்கவில்லை. ஈற்றில் அம்முயற்சி கைவிடப்பட்டது. 2018ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ரொய்ட்டர் செய்தி நிறுவனம் இதனை வெளியிட்டது. ஆட்களை மதிப்பிட அக்கருவியைத் தம் தேர்வாளர் ஒருபோதும் பயன்படுத்தவில்லை என்று கம்பனி கூறியது.

யந்திரத்துக்கு ஓரவஞ்சனை இல்லை என்று கூறுவோர் இதிலிருந்து பாடம் கற்றல் வேண்டும். யந்திரத்துக்கு வஞ்சனை இல்லைதான்; ஆனால், மனிதர் எழுதிவைத்த பழைய பேரேட்டையே அது வாசிக்கின்றது. மனிதர் மாத்திரம் நீதியானவர் என்றும் கூறவியலாது. பொஸ்டன், சிக்காகோ ஆகிய நகரங்களில் ஏறக்குறைய ஐயாயிரம் விண்ணப்பங்களை ஆராய்ச்சியாளர் இருவர் அனுப்பிப் பார்த்தனர். தகைமைகளை ஒத்தவாறு அமைத்துப் பெயரை மாத்திரம் மாற்றினர். வெள்ளையர் பெயர் தாங்கிய விண்ணப்பங்கள் பத்து அனுப்பினால் ஓர் அழைப்பு வந்தது. கறுப்பினத்தார் பெயர் தாங்கியவை பதினைந்து அனுப்ப வேண்டியிருந்தது. 2004இல் வெளியான இவ்வாராய்ச்சியில் விண்ணப்பங்களைக் கண்டவர்கள் மனிதர்களே.

2022ஆம் ஆண்டின் ஈற்றிலே, மனிதரைப்போல் கடிதம் எழுதும் கணினி யாவர் கைக்கும் எட்டியது. விண்ணப்பத்தைக் கணினி எழுதுகின்றது. அதனைக் கணினியே வாசித்துத் தரம்பிரிக்கின்றது. எழுத்தின் அழகைக்கொண்டு எழுதியவரை அறிவது அரிதாகிவிட்டது. அழகிய விண்ணப்பக் கடிதம் ஒரு காலத்தில் கல்வியின் அடையாளமாய் இருந்தது. இன்று அஃது எவர்க்கும் எளிதாகக் கிடைக்கும் ஆடையாகிவிட்டது.

இந்நிலையில் மனிதவள அதிகாரிகள் செல்லத்தக்க வழி யாது? சான்றிதழைக் குறைத்துத் திறமையைக் காண்போம் என்ற குரல் பல இடங்களில் எழுந்துள்ளது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநில அரசாங்கம், தன் உத்தியோகங்களுள் ஆயிரக்கணக்கானவற்றுக்குப் பல்கலைக் கழகப் பட்டம் கட்டாயமன்று என்று 2022இல் அறிவித்தது. பெருங்கம்பனிகள் பலவும் அவ்வாறே அறிவித்தன. ஆனால், அறிவிப்பு வேறு, அனுட்டானம் வேறு. பேர்னிங் கிளாஸ் நிறுவனமும் ஹாவார்ட் வணிகக் கல்லூரியும் சேர்ந்து 2024இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, பட்டம் வேண்டாம் என்ற இம்மாற்றத்தால் உண்மையிலேயே புதிதாக வாய்ப்புப் பெற்றோர், சேர்க்கப்பட்ட 700 பேருக்கு ஒருவர் என்ற அளவினுக்குக்கூட எட்டவில்லை. விளம்பரத்தில் ஒரு வரியை நீக்குவது எளிது. நேர்முகப் பரீட்சை நடத்துபவரின் உள்ளத்திலிருந்து அவ்வரியை நீக்குவது எளிதன்று. பட்டத்தை நீக்கிவிட்டு, அதனிடத்தில் வேறோர் அளவுகோலை வைக்காவிடில், அவர் பழைய கோலையே தேடுவார்.

நல்ல அளவுகோல் இல்லாமல் இல்லை. மினசோட்டாப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த போல் சாக்கெட்டும் அவரது துணைவர்களும் பல்லாண்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2022இல் வெளியிட்ட முடிவின்படி, ஒழுங்குபடுத்திய நேர்முகப் பரீட்சையே பிற்கால வேலைத் திறனை முன்னறிவதில் முதலிடம் பெறுகின்றது. ஒழுங்குபடுத்தியது என்றால் என்ன? வேலைக்கு வேண்டியன எவை என்பதை முதலில் எழுதிக்கொள்ளல். அதனையொட்டிய வினாக்களை முன்னரே அமைத்தல். வந்தவர் அனைவரிடமும் அதே வினாக்களைக் கேட்டல். விடைகளுக்கு முன்னரே வகுத்த முறைப்படி புள்ளியிடல். வேலையின் ஒரு துண்டையே கொடுத்துச் செய்வித்துப் பார்ப்பதும் நல்ல முறையே. கணக்காளருக்குக் கணக்குக் கொடுப்பதும், தச்சருக்கு உளி கொடுப்பதும் புதுமையல்ல. எத்தனை ஆண்டு வேலைசெய்தார் என்ற எண்ணிக்கையோ மிகச் சிறிதளவே உதவுகின்றது என்பதும் அவர்கள் கண்டது. விளம்பரங்களிலே முதலில் அச்சிடப்படுவது அவ்வெண்ணிக்கையே.

விடுகதை போட்டு ஆளைத் திகைக்கவைக்கும் வழக்கம் சில காலம் புகழ்பெற்றிருந்தது. கூகிள் கம்பனியின் ஆளணித் தலைவராயிருந்த லாஸ்லோ பொக், அது முற்றிலும் வீண் நேரம் என்று 2013இல் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். அவ்விடுகதைகளால் மகிழ்ந்தவர் கேட்டவரே.

இனித் தேர்ந்த ஆளை ஆளுதல் பற்றிச் சிறிது நோக்குவோம். 1997ஆம் ஆண்டில் மக்கின்சி நிறுவனத்தார் ‘திறமைக்கான போர்’ என்றொரு சொற்றொடரை வழங்கினர். மிகச் சிறந்தவரைப் பிற கம்பனிகளிலிருந்து இழுத்துக்கொள்ள வேண்டும். உள்ளிருப்போரை வரிசைப்படுத்திக் கடைசியில் நிற்போரை அனுப்பிவிட வேண்டும் என்னும் கொள்கை அக்காலத்தில் ஓங்கிநின்றது. ஜெனரல் எலெக்ரிக் கம்பனியில் ஜாக் வெல்ச் ஆண்டுதோறும் நூற்றுக்குப் பத்துப் பேரைக் கடைசி வரிசையில் நிறுத்தும் முறையை நடத்தினார். ஒரு வகுப்பில் அனைவரும் நன்கு படித்தாலும் சிலர் தோல்வியுற்றே தீரவேண்டும் என்று விதிப்பதற்கு இஃது ஒப்பாகும். அவ்வாறு விதித்தால், அடுத்த மாணவனுக்கு விளங்காததைச் சொல்லிக்கொடுக்க எந்த மாணவன் முன்வருவான்? மைக்ரோசொஃப்ட் கம்பனி தன் வரிசை முறையை 2013இல் கைவிட்டது. அடோபி கம்பனி ஆண்டுக்கொரு முறை புள்ளியிடும் வழக்கத்தை 2012இல் நிறுத்தி, அடிக்கடி உரையாடும் முறையை மேற்கொண்டது.

வெளியிலிருந்து கொண்டுவரும் நட்சத்திரங்களின் கதையும் சிந்திக்கத்தக்கது. நியூயோர்க் பங்குச் சந்தை ஆய்வாளர் ஆயிரவருக்கு மேற்பட்டோரை ஆராய்ந்த ஹாவார்ட் பேராசிரியர் போரிஸ் குரொய்ஸ்பேர்க், இடம்மாறிய நட்சத்திரங்களுள் பலர் புதிய இடத்தில் முன்போல் ஒளிவீசவில்லை என்று கண்டார். அவர்களின் திறமையின் ஒரு பங்கு பழைய இடத்தின் தோழரிடத்திலும் ஒழுங்குகளிலும் தங்கியிருந்தது. பென்சில்வேனியாப் பல்கலைக் கழகத்தின் மத்தியூ பிட்வெல் 2011இல் வெளியிட்ட ஆராய்ச்சியும் இதனோடு ஒத்துநிற்கின்றது. வெளியிலிருந்து வந்தவர், உள்ளிருந்து அதே பதவிக்கு உயர்ந்தவரைவிட நூற்றுக்கு ஏறக்குறைய 18 பங்கு கூடிய சம்பளம் பெற்றார். எனினும் முதல் இரண்டு ஆண்டுகளில் அவருடைய வேலை பற்றிய மதிப்பீடு குறைவாகவே இருந்தது. பிடுங்கி நட்ட மரம் வேரூன்றக் காலம் வேண்டும். தன் தோட்டத்துக் கன்றுக்கு நீர் ஊற்றாதவன் அயல் தோட்டத்து மரத்தை விலைகொடுத்து வாங்குகிறான்.

இத்துறையில் சட்டமும் மெல்ல நுழைந்துவருகின்றது. நியூயோர்க் நகரத்தில் 2023ஆம் ஆண்டு யூலை மாதம் முதல் செயற்படுத்தப்பட்டுவரும் சட்டத்தின்படி, ஆட்சேர்ப்பில் இத்தகைய கணினிக் கருவியைப் பயன்படுத்துவோர், இனத்தாலும் பாலாலும் அது பேதம் செய்கின்றதா என்று வெளியார் ஒருவரைக்கொண்டு ஆண்டுதோறும் சோதித்தல் வேண்டும். விண்ணப்பகாரருக்கு முன்னறிவித்தலும் வேண்டும். 2024ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் வலுப்பெற்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை அறிவுச் சட்டம், ஆட்சேர்ப்புக் கருவிகளைப் பேரபாயம் உள்ளவை என்ற வகுப்பில் வைத்துள்ளது. தொழிலிடத்தில் ஒருவரின் முகத்தையோ குரலையோ கொண்டு அவர் உள்ளத்து உணர்ச்சியைக் கணிக்கும் கருவிகளை, மருத்துவம், பாதுகாப்பு ஆகிய தேவைகள் ஒழிய, அச்சட்டம் 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் முதல் தடைசெய்துள்ளது.

சட்டம் எல்லையைக் காட்டும், நடப்பவர் மனிதரே. மனிதவள அதிகாரி தன் மேசையில் அமர்ந்து மூன்று வினாக்களை எழுப்பிப் பார்க்கலாம். இந்தத் தகைமை இவ்வேலைக்கு மெய்யாகவே வேண்டியதா? கணினி ஒதுக்கிய விண்ணப்பங்களுள் சிலவற்றையேனும் மாதந்தோறும் எடுத்து ஒரு மனிதர் வாசிக்கின்றாரா? உள்ளே இருக்கும் எவரேனும் சிறிது பயிற்சி பெற்றால் இப்பதவிக்குத் தகுதியாவாரா? இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. சிறிது நேரமும், தன் தீர்ப்பில் தவறு இருக்கக்கூடும் என்ற பணிவும் வேண்டும்.

விண்ணப்பங்கள் ஆயிரமாய்க் குவியும்போது கணினியின் துணையின்றி ஓர் அதிகாரியால் இயங்கமுடியாது என்பது மெய்யே. கணினி அடுக்கித் தரட்டும், எண்ணித் தரட்டும். ஆனால் ‘இவர் வேண்டாம்’ என்று சொல்லும் பொறுப்பை அதனிடம் ஒப்படைத்துவிட்டு, ‘முறை அப்படி’ என்று கைகழுவுதல் தகாது. மறுக்கப்பட்டவர் காரணம் கேட்டால், கேட்பவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தக்க காரணம் ஒன்று இருத்தல் வேண்டும். அவ்வாறு சொல்ல முடியாத விதியை நீக்கிவிடுவதே நேர்மை.

ஹைலண்ட் பார்க் காலத்துத் தொழிற்சாலை வாயிலில் நின்று வேலையின்றித் திரும்பியவனுக்குத் தன்னை மறுத்த மேற்பார்வையாளரின் முகமாவது தெரிந்திருந்தது. தாய்க்குப் பணிவிடை செய்துவிட்டு வேலை தேடிவரும் அந்தப் பெண்ணுக்கு அதுவும் தெரிவதில்லை. அவளது விண்ணப்பத்தை ஒரு மனிதர் எடுத்து, அந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றி ஒரு வினாவேனும் கேட்பாராயின், ஒரு கம்பனிக்கு நல்லதொரு கணக்காளர் கிடைப்பார். ஒரு வீட்டில் மீண்டும் விளக்கு எரியும்.